சந்திரனின் கல்லுக்கு இடம்

சித்தூரில் வீராசாமி மேஸ்திரியைத் தெரியாத செங்கல் சூளைக்காரன் கிடையாது. படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. குடுபல்லிக்கு அந்தப் பக்கம் ஒரு குக்கிராமம். அடுத்தவன் நிலத்தில் வேர்க்கடலை பிடுங்கிப் பிழைத்த குடும்பம். அங்கிருந்து அரை டிரவுசரோடு சித்தூருக்கு வந்து, மண் சுமந்து, கலவை குழைத்து, கரணை பிடித்து, கடைசியில் தன் பெயரிலேயே ஆள் வைத்து வேலை எடுத்தவர். யார் தயவும் இல்லை. எந்தப் பெரிய மனிதன் வீட்டு வாசலிலும் கையைக் கட்டிக்கொண்டு நின்றதில்லை. சும்மா சொல்லக்கூடாது, சித்தூரில் பாதிப் பேர் அவர் எழுப்பிய சுவருக்குள்தான் தூங்குகிறார்கள். அதை அவரே சொல்வார், நீங்கள் கேட்காவிட்டாலும்.

அவர் கட்டியதிலேயே அவருக்குப் பெரிய பெருமை மலையாளத்தார் கோயில். பிழைப்புக்கு வந்த நர்சுகள், டயர் கடைக்காரர்கள், வாத்தியார்கள், பேக்கரிக்காரர்கள் என்று அப்போது சித்தூரிலும் திருப்பதியிலும் ஒரு கூட்டம் இருந்தது. எல்லோரும் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவ சபை. ஞாயிறு பூசைக்கு வாடகைக் கொட்டகையில் நின்று நின்று அலுத்துப்போய், சின்னதாக ஒரு கோயில் கட்டத் துணிந்தார்கள். வேலை வீராசாமிக்கு வந்தது. கோயில் கீவர்கீஸ் சஹதா பெயரில். சஹதா என்றால், சாமியை மறுதலிக்கச் சொல்லி ராஜா மிரட்டியபோதும் மறுக்காமல் உயிரைக் கொடுத்தவர்.

சுவர் தளமட்டத்துக்கு வந்த அன்று, அச்சன் ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டினார். பாதிரியாரை மலையாளத்தார் அச்சன் என்பார்கள். படத்தில் வெள்ளைக் குதிரை, கையில் ஈட்டி, காலடியில் ஒரு பாம்பு மாதிரி மிருகம்.

"இவரத்தான் தலைய வெட்டினானுங்களா?" என்றார் வீராசாமி.

"வெட்டினாங்க."

"ஓடிப் போவலியா?"

"போகலை. நின்னார்."

"அப்ப எங்க ஊரு வீரன்தான் இவரு. குதிரகூட அதே குதிர."

அச்சன் சிரித்துவிட்டார். வீராசாமி சிரிக்கவில்லை. அவர் ஊர் எல்லையில் புளிய மரத்தடியில் வரிசையாகக் கல் நிற்கும். களவு போன மாட்டை மீட்கப் போய்ச் செத்தவன், சிறுத்தையைக் குத்திச் செத்தவன், பெண்பிள்ளைகளைக் காக்கப் போய் வெட்டுப்பட்டவன். ஒவ்வொருவனுக்கும் ஒரு கல். கத்தியை ஓங்கிய கையோடு செதுக்கி நட்டிருப்பார்கள். வருஷத்துக்கு ஒருமுறை பொங்கல் வைத்துச் சேவல் அறுப்பார்கள். நட்டு நிறுத்தினால் வீரன், படுக்கப் போட்டால் பிணம். அவர் ஊர் வழக்கம் அது.

கோயில் முடிந்து முதல் பெருநாள் வந்தது. சஹதா செத்த நாளை அழுகையில்லாமல் கொடியேற்றி, முத்துக்குடை பிடித்து, குருசு முன்னால் போக ஊர்வலம் விட்டுக் கொண்டாடினார்கள். முடிவில் கோழி அடித்துக் குழம்பு வைத்து அப்பத்தோடு எல்லோருக்கும் நேர்ச்சை விருந்து. வீராசாமிக்கு மேற்கொண்டு பிரசங்கம் தேவைப்படவில்லை. அடுத்த வருஷமே பெண்டாட்டி சுந்தரம்மாவையும் கைக்குழந்தை சந்திரனையும் கூட்டிப் போய் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டார். பங்காளிகள் காறித் துப்பினார்கள். துப்பட்டும் என்று விட்டார். அன்றிலிருந்து ஊர்வலத்தில் மரக்குருசைத் தூக்கி முன்னால் போகிற ஆள் அவர்தான். மலையாளத்தார் பிள்ளைகள் அந்தக் கனத்துக்கு இரண்டு தெரு தாண்டுவதற்குள் தோள் மாற்றுவார்கள். அவர் மாற்ற மாட்டார்.

தொண்ணூறுகளில் காற்று மாறியது. நர்சுகள் ஒவ்வொருவராக அமெரிக்காவுக்கும் குவைத்துக்கும் விமானம் ஏறினார்கள். டயர் கடைக்காரர் பிள்ளைகளோடு பெங்களூர் போனார். வாத்தியார்கள் ரிட்டயராகிக் கேரளா திரும்பினார்கள். கோயிலில் விரித்த பாயில் இடம் கேட்டு இடித்துக்கொண்ட காலம் போய், பாயைச் சுருட்டி மூலையில் வைக்கிற காலம் வந்தது. பேக்கரி சாக்கோ குடும்பமும் இன்னும் நாலைந்து வீடும்தான் மிச்சம். அச்சனும் வேலூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வந்து போகிறவர் ஆகிவிட்டார்.

சந்திரனும் போனான். செங்கல், சுவர், பூச்சு எதுவும் அவனுக்குப் பிடிக்கவில்லை.

"பெங்களூர்ல இப்ப எவனும் செவுரே எழுப்பறதில்ல நைனா. எல்லாம் கண்ணாடிதான். வெளியேலேர்ந்து பாத்தா ஆகாசமே ஊடு மாரி இருக்கும்."

"கண்ணாடியில ஆணி அடிப்பியாடா?"

"ஆணி எதுக்கு? உள்ள கம்ப்யூட்டர்தான் இருக்கும்."

கயிற்றில் தொங்கிக்கொண்டு மாடி மாடியாகக் கண்ணாடி பதிக்கும் வேலை. வீராசாமி அதையும் பெருமையாக்கிக்கொண்டார். நான் ஏணியில் நின்றேன், என் மகன் மேகத்தில் நிற்கிறான் என்று டீக்கடையில் சொல்வார்.

இரண்டாயிரம் பிறந்த கொஞ்ச காலத்தில், ஒரு மாசிக் காற்றில், சந்திரன் கண்ணாடியோடு விழுந்தான். கம்பெனிக்காரன் ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பிவைத்தான். கூட ஆளை அனுப்பவில்லை. கூட வந்தவன் சந்திரனோடு வேலை செய்த சுரேஷ்பாபு மட்டும்தான். நகரிக்காரன், அப்பன் வீட்டில் தறி ஓட்டிக்கொண்டிருந்தவன், தறித் தொழில் படுத்ததும் பெங்களூர் ஏறியவன். சுந்தரம்மா மண்ணில் புரண்டு அழுதபோது அவள் காலடியில் உட்கார்ந்து அவன்தான் சொன்னான்.

"ஆயா, கேளு. கண்ணாடி நழுவிச்சு. கீழ பொம்பளைங்க மண்ணு வாரிக்கினு இருந்தாங்க. வுட்டிருந்தா அவங்க தலையில தான் வியுந்திருக்கும். இவன் வுடல. புட்ச்சிக்கினு இருந்தான். கனம் தாங்காம இவனயும் சேத்து இழுத்துக்கினு போயிடுச்சு. அந்தப் பக்கமா தள்ளிக்கினு போய்த்தான் வியுந்தான்."

அதுவரை கல்லாக நின்ற வீராசாமி அப்போதுதான் வாயைத் திறந்தார். "கீழ இருந்தவங்களுக்கு ஒண்ணும் ஆவலியே?"

"ஒரு கீறல்கூட இல்ல நைனா."

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவர் மகனைப் புதைத்தார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் மறுநாள் எழுந்தார், சோறு தின்றார், வேலைக்குப் போனார். பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். "வுட்டிருந்தா பொழச்சிருப்பான். வுடல. என் பையன் சஹதாடா. சும்மா செத்தவன் இல்ல." தெலுங்குக்காரர்களிடம் தெலுங்கிலும் சொன்னார். டீக்கடையில் ஆட்கள் அவர் வந்தால் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்ளும் அளவுக்குச் சொன்னார்.

பிறகு கல் செதுக்கக் கொடுத்தார். குப்பம் ஊரில் கிரானைட் அறுக்கிற இடத்தில் வரதராஜன் என்று பழைய கல்தச்சர். ஆளுயரக் கல்லைப் பார்த்து எடுத்து வைத்துவிட்டு வரதராஜன் கேட்டார்.

"கையில இன்னா வெக்கறது மேஸ்திரி? கத்தியா, ஈட்டியா?"

"அவன் கையில இன்னா இருந்துச்சோ அத்த வை."

"இன்னா இருந்துச்சு?"

"கண்ணாடி."

வரதராஜன் உளியைக் கீழே வைத்தார். "கண்ணாடிய கல்லுல எப்பிடிய்யா காட்டறது? அந்தாண்ட இருக்கறது தெரிஞ்சாத்தான அது கண்ணாடி?"

"உனுக்குத் தெரியலன்னா வேற ஆள பாக்கறேன்."

"கோச்சிக்காத. சதுரமா ஒண்ணு போட்டுடறேன். கேடயம் மாரி இருக்கும்."

வீராசாமி யோசித்தார். "கேடயம்னே இருக்கட்டும். அதுவும் சரிதான்."

"குதிர?"

"அவன் ரயில்ல போனவன்யா."

"தலைக்கு ஹெல்மெட்டு போடட்டா?"

"கம்பெனிக்காரன் குடுத்தாத்தான போடறதுக்கு? வெறுந்தலையாவே வை."

கல் வந்தது. சந்திரனின் மூக்கு வரவில்லை. ஆனால் இரண்டு கையாலும் சதுரத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு காலை அகட்டி நின்ற நிற்பு அவனேதான். சுந்தரம்மா அதன் கன்னத்தைத் தடவிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். வீராசாமி அதற்கு இடத்தை முன்பே முடிவு செய்துவிட்டிருந்தார். கோயிலின் மேற்கு வாசலுக்கு வலப்பக்கம், தான் எழுப்பிய சுவரை ஒட்டி. வைகாசிக்கு முன்னால் சஹதாவின் பெருநாள் வருகிறது. அன்றைக்கு ஊர்வலம் வந்து நிற்கும்போது நட வேண்டும். குருசு அதன் முன்னால் ஒருமுறை தாழ வேண்டும். வருஷா வருஷம் தாழ வேண்டும்.

பூசை முடிந்த ஒரு ஞாயிறு அச்சனிடம் போய்க் கேட்டார். இப்போது வந்துபோகிற ஸ்கரியா அச்சன் இளையவர், கடுஞ்சாயாவை ஆற்றிக்கொண்டிருந்தார். முழுவதும் கேட்டார்.

"மேஸ்திரி, சஹதான்னு நாம யாரையும் சொல்லிட முடியாது. அது சபை, திருமேனிமார் எல்லாம் சேர்ந்து சொல்றது."

"அவங்க எப்ப வந்து சொல்றது? சித்தூருக்கு பிஷப்பு வந்தே எவ்ளோ வருசம் ஆச்சு?"

"நான் முடியாதுன்னு சொல்லலை. நாலு பேர் உயிருக்காகத் தன் உயிரைக் கொடுத்தவன்னா அவன் பெருமைக்குரியவன்தான். சஹதான்னு எழுதவேண்டாம். ஆனா கல்லைக் கோயில் முற்றத்தில் வைக்கிறதுக்குக் கமிட்டியில பேசலாம். பெருநாள் அன்னிக்குப் பிரசங்கத்துல நானே அவனைப் பத்திச் சொல்றேன்."

நன்றி சொல்லிப் பழக்கமில்லாத வீராசாமி, அச்சன் கையைப் பிடித்து முத்தமிட்டார்.

"ஒண்ணே ஒண்ணு," என்றார் அச்சன். "பார்த்த பையன் வந்து எல்லார் முன்னாலயும் ஒருதடவை சொல்லட்டும். கமிட்டியில நாளைக்கு யாரும் ஒண்ணும் பேசக் கூடாதில்லையா."

"வருவான். ஓடி வருவான்!"

சுரேஷ்பாபு ஓடி வரவில்லை. போன் போட்டால் லீவு இல்லை என்றான். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றான். கடைசியில் வீராசாமியே பெங்களூர் போய் அவனைக் கூட்டி வந்தார். ரயிலில் அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தான். பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார், தொடவில்லை. "இன்னாடா, கோயிலுக்குள்ள வந்தா உன் சாமி கோச்சிக்குமா?" என்று சீண்டினார். அதற்கும் சிரிக்கவில்லை. நண்பனை நினைத்துக்கொண்டான் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

பெருநாளுக்கு முந்தின ஞாயிறு, பூசை முடிந்து மிச்சமிருந்த குடும்பங்கள் எல்லாம் முற்றத்தில் வேப்ப மரத்தடியில் நின்றார்கள். சாக்கோ ஒரு ஸ்டூலைப் போட்டார். சுரேஷ்பாபு உட்காரவில்லை. அச்சன் தோளில் கை வைத்து மெதுவாகத்தான் கேட்டார்.

"பயப்படாதே மோனே. நீ கண்ணால பார்த்ததை மட்டும் சொல்லு."

சுரேஷ்பாபு அச்சன் கழுத்தில் தொங்கிய குருசைப் பார்த்தான், பிறகு வீராசாமியைப் பார்த்தான்.

"நான் பாக்கல," என்றான்.

யாருக்கும் முதலில் புரியவில்லை.

"அப்ப நான் டீ குடிக்க எறங்கிட்டேன். சத்தம் கேட்டுத்தான் ஓடியாந்தேன். எப்பிடி வியுந்தான்னு எனக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது."

"டேய்," என்றார் வீராசாமி. "பொம்பளைங்க மண்ணு வாரிக்கினு இருந்தாங்கன்னியே?"

"அந்தப் பக்கம் யாரும் இல்ல நைனா. ஞாயித்துக்கெழம அது. பொம்பளையாளுங்க வரல."

"கண்ணாடிய வுடாம புட்ச்சிக்கினு இருந்தான்னு சொன்னியேடா!"

"ஆயா பொரண்டு அழுதிச்சு. இன்னா சொல்றதுன்னு தெரியல. மனசு ஆறட்டும்னு சொன்னேன். நீ இப்பிடி கல்லு செதுக்குவன்னு நெனச்சேனா?"

வீராசாமி அவன் சட்டையைப் பிடித்தார். "சொல்லுடா. அன்னிக்கு சொன்னதயே இப்பவும் சொல்லு. யாரு உன்ன உண்ம கேட்டது? சொன்னதயே சொல்லித் தொலடா!"

சாக்கோ வந்து பிரித்துவிட்டார். பிரிக்கும்போதுதான் தெரிந்தது, மேஸ்திரியின் கையில் பிடியே இல்லை. துணி தானாகக் கழன்று வந்தது.

அச்சன் எதையாவது சொல்லித் தேற்ற நினைத்தார். "மேஸ்திரி, சஹதாகிட்ட ராஜா சொன்னான், ஒரே ஒரு வார்த்தை சொல்லு, விட்டுடறேன்னு. அவர் சொல்லலை. அதனாலதான் நாம அவரை…"

"என் பையன்கிட்ட அந்த ஒரு வார்த்த கேக்கறதுக்குக் கூட ஆளில்லியே அச்சா," என்றார் வீராசாமி. "கேட்டிருந்தா அவனும் எதனா சொல்லியிருப்பான். சொல்லாமகூட இருந்திருப்பான். எவனும் கேக்கலியே."



கல் வீட்டு வாசலில் தார்ப்பாயின் கீழ் நின்றது. சுந்தரம்மா, ஊர் எல்லையில் கொண்டுபோய் வைத்துவிடலாமா என்று ஒருமுறை கேட்டாள். பங்காளிகள் கேட்கப்போகும் கேள்வி வீராசாமிக்குத் தெரியும். மாட்டை மீட்டானா, சிறுத்தையைக் குத்தினானா, யாரைக் காப்பாற்றினான்? கோயிலில் கேட்ட அதே கேள்வி. அங்கே காறித் துப்பிக்கொண்டே கேட்பார்கள். மறுநாள், அவனைப் புதைத்த கல்லறையிலேயே போட்டுவிடலாம் என்றார்.

பெருநாளன்று காலையில் சாக்கோ ஸ்கூட்டரில் வந்தார். "குருசு எடுக்க ஆளில்லை மேஸ்திரி. பெங்களூர்லேர்ந்து நாலு பேர் வந்திருக்காங்க. எல்லாம் கம்ப்யூட்டர் பசங்க."

"அவங்கள தூக்கச் சொல்லு. கண்ணாடி ஊட்டுக்காரங்கதான, தெம்பு இருக்கும்."

சாக்கோ ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

சின்ன லாரியில் கல்லை ஏற்றிக்கொண்டு, இரண்டு கூலிக்காரர்களோடு எல்லாச் சபைக்கும் பொதுவான ஊர்க் கல்லறைக்குப் போனார். சுந்தரம்மா டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பெங்களூருக்குத் திரும்பிப் போகாத சுரேஷ்பாபு யாரும் கூப்பிடாமலே பின்னால் வாடகைச் சைக்கிளில் வந்தான். கல்லறையைப் பார்த்துக்கொள்ளும் சின்னப்பன் கல்லைச் சுற்றி வந்து உதட்டைப் பிதுக்கினான்.

"நிக்க வெக்க முடியாது மேஸ்திரி. பக்கத்துல பக்கத்துல குழி. எல்லா சபைக்காரங்களும் சேந்து போட்ட ரூலு இது. உன்னுத மட்டும் நட்டா நாளைக்கி எல்லாரும் என்ன கேப்பாங்க. படுக்கப் போட்டுடு."

வேறு நாளாக இருந்தால் வீராசாமி சின்னப்பனைக் குழிக்குள் இறக்கியிருப்பார். அன்றைக்கு, "கலவைய போடுங்கடா" என்று மட்டும் சொன்னார்.

கல்லை இறக்கும்போது ஒரு பக்கம் ஆள் போதவில்லை. சுரேஷ்பாபு வந்து தோளைக் கொடுத்தான்.

"நைனா," என்றான். "நான் பாக்கலதான். ஆனா அவன் வுட்டிருக்க மாட்டான். அவன் அப்பிடி ஆளு தான்."

"போதும்டா. தூக்கு."

குழி மேட்டின் மேல் கலவை பரப்பி, வீராசாமி தன் கையாலேயே கரணை போட்டு மட்டம் பார்த்து மகனைப் படுக்க வைத்தார். வெயிலைப் பார்த்து மல்லாந்து கிடந்தான் சந்திரன், நெஞ்சின் மேல் சதுரத்தை அணைத்துக்கொண்டு. பேண்டு செட்டுச் சத்தம் தூரத்தில் கேட்டது; ஊர்வலம் கடைத்தெருவைத் தாண்டிக்கொண்டிருக்க வேண்டும். அந்த நாலு பையன்களும் எத்தனைமுறை தோள் மாற்றினார்களோ. சத்தம் கிட்டே வந்து, வேறு தெருவில் திரும்பி, தேய்ந்து போய்விட்டது.

மத்தியானத்துக்கு மேல் சாக்கோவின் கடைப் பையன் நேர்ச்சைப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போனான். அப்பமும் கோழிக் குழம்பும். ஆலிலையில் சூடு இன்னும் இருந்தது. கூலிக்காரர்கள் தங்கள் பங்கை வாங்கிக்கொண்டு மதிலோரம் போனார்கள்.

"துன்னு," என்றாள் சுந்தரம்மா. "காலயிலேர்ந்து ஒண்ணும் துன்னல."

வேண்டாம் என்றுதான் சொல்ல நினைத்தார். ஆனால் உடம்பு அதன் பாட்டுக்குப் பசித்தது. இடுப்பு விட்டுப்போயிருந்தது, எங்கும் நிழலில்லை, மண் சுட்டது. இலையை வாங்கிக்கொண்டு கிடைத்த இடத்தில் உட்கார்ந்தார். அப்பத்தைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்து வாயில் போட்டார். நல்ல காரம். இரண்டாவது வாயும் போட்டார்.

"எழுந்திரு," என்றாள் சுந்தரம்மா.

"இன்னா?"

"அவன் மேல குந்திக்கினு இருக்கற."

வீராசாமி குனிந்து பார்த்தார். தொடைக்குக் கீழே சந்திரனின் கையும் அந்தச் சதுரத்தின் ஓரமும் தெரிந்தன. வேட்டியில் குழம்பு சொட்டியிருந்தது. கல்லிலும் ஒரு சொட்டு. வாயில் இருந்ததை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கையை ஊன்றி எழப் பார்த்தார். முட்டி வரவில்லை. மறுபடி ஊன்றினார்.

சுரேஷ்பாபு எதிரில் வந்து கையை நீட்டினான். வீராசாமி அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிடித்துக்கொண்டு எழுந்திருக்க வேறு ஒன்றும் அங்கே இல்லை.